வடிகட்டிய வசவு

கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்து, நாற்காலி ஆடுகிறதா என்று ஒரு முறை பார்த்து, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, நான் 'வடிகட்டி அக்கா' என்று கூப்பிடுகிறவர் காலையின் முதல் வசவைப் படிப்பார். உதடு அசையும், சத்தம் வராது. முடித்ததும் "அடேயப்பா, நல்லாத்தான் திட்டியிருக்காரு" என்று தலையை ஆட்டிக்கொள்வார். பிறகு இழுப்பறையிலிருந்து நீளமான நோட்டை எடுத்து, அந்த வசவை ஓர் எழுத்தும் மாறாமல் எழுதி, ஓரத்தில் தேதி போடுவார். அதற்குப் பிறகுதான் விசைப்பலகைக்குக் கை போகும்.

எங்களுடையது ஓர் இணையச் செய்தித்தளம். பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பல் மருத்துவர் ஒருவரின் மாடியில் இரண்டு அறை, ஒன்பது நாற்காலி, அதில் ஒன்றுக்குச் சக்கரம் கிடையாது. கீழே யாராவது அலறிக்கொண்டிருப்பார்கள், மேலே நாங்கள் செய்தி எழுதிக்கொண்டிருப்போம். நான் தலைப்பு எழுதுகிறவன். எதையும் கேள்விக்குறியில் முடித்துவிட்டால் வழக்கு வராது என்பது என் தொழில் நம்பிக்கை. 'இந்த அதிகாரி தூங்குகிறாரா?' என்று போட்டால் நான் அவரைத் தூங்குமூஞ்சி என்று சொல்லவில்லை, சும்மா விசாரித்தேன் என்று ஆகிவிடும். இந்தக் கோழைத்தனத்துக்கு மாதாமாதம் சம்பளமும் தருகிறார்கள்.

அக்காவின் வேலை வேறு. செய்திக்குக் கீழே வாசகர்கள் எழுதும் கருத்துகள் நேராக வெளியே போகாது, முதலில் அவர் திரைக்கு வரும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் மூன்று பொத்தான்கள்: விடு, தூக்கு, மாற்று. மூன்றாவது பொத்தான், யாராவது தொலைபேசி எண்ணை எழுதிவிட்டால் அதை மறைப்பதற்காக வைத்தது. அக்கா வந்த நாளிலிருந்து முதல் இரண்டும் புத்தம் புதிதாகவே இருக்கின்றன. தேய்வதெல்லாம் மூன்றாவதுதான்.

"ஒரு மனுஷன் வேலை வெட்டிய விட்டுட்டு உக்காந்து அடிச்சு அனுப்புறாரு. அத அப்படியே தூக்கிக் குப்பையில போட மனசு வருமா தம்பி? கொஞ்சம் மாத்திட்டா போதும்" என்பார்.

அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதற்கு ஒரு மாதிரி காட்டுகிறேன். குப்பை அள்ளவில்லை என்ற செய்திக்கு ஒரு வாசகர் எழுதியது: "நகராட்சித் தலைவர் வீட்டு வாசல்ல மொத்தக் குப்பையையும் கொட்டி அந்தாள அதுல உருட்டணும்." எங்கள் தளத்தில் வெளியானது: "குப்பை அள்ளும் பணியை நகராட்சித் தலைவர் நேரில் பார்வையிடலாம்." என் தலைப்பு ஒன்றுக்கு வந்தது: "இத எழுதுன கழுதைக்குச் சம்பளம் வேற குடுக்குறீங்களா?" வெளியானது: "தலைப்பில் இன்னும் சற்றுக் கவனம் செலுத்தலாம்." மூலத்தை நோட்டில் எனக்குக் காட்டியவரும் அக்காதான். "மனசுல வச்சுக்காதீங்க தம்பி, அவருக்கு அன்னிக்கு என்ன கஷ்டமோ" என்று சமாதானம் வேறு சொன்னார். கழுதை என்று சொன்னவன் கஷ்டத்துக்கு இரங்க வேண்டிய கழுதையாக நான் உட்கார்ந்திருந்தேன்.

இந்தக் கலையை அவர் கற்றது குடிநீர் வாரியத்தில். பத்தொன்பது வருடம் புகார்த் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நாலு நாளாகக் குழாயில் தண்ணீர் வராதவன் என்ன பேசுவான் என்று சொல்லத் தேவையில்லை. அவன் தலைமுறை தலைமுறையாக இழுத்துத் திட்டி முடித்ததும் அக்கா படிவத்தில் எழுதுவார்: "குடிநீர் விநியோகத்தில் தடங்கல்." ஆனால் மேலதிகாரி எப்போது கேட்டாலும் காட்டுவதற்காக, அழைத்தவர் பேசியதைத் தனியாக ஒரு நோட்டில் உள்ளபடி எழுதி வைக்க வேண்டும். அது வாரியத்தின் விதி. ஒரு நாள் வாரியம் அவர் இடத்தில் 'தமிழுக்கு எண் ஒன்றை அழுத்தவும்' என்று சொல்லும் இயந்திரத்தை வைத்தது. இயந்திரத்துக்கு வசவு புரியாது, நோட்டும் எழுதாது. அதற்குப் பின் இரண்டு வருடம் அக்கா வீட்டில் இருந்தார். அந்த இரண்டு வருடத்தைப் பற்றி மட்டும் அவர் எதையும் மாற்றிச் சொல்வதில்லை. "செத்துப் பொழச்சோம் தம்பி" என்பார், அவ்வளவுதான். கணவருக்கு முதுகெலும்பில் அறுவை நடந்தது அப்போதுதான். மனிதர் இன்னும் வீட்டோடு இருக்கிறார்.

வீட்டிலும் இதே உத்தியோகம். கணவரும் அவர் தம்பியும் ஒரே வீட்டின் கீழும் மேலும். படிக்கட்டு யாருடையது என்ற தகராறில் பதினோரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. சொல்ல வேண்டியதை அக்காவிடம் சொல்வார்கள். "அந்த நாய் என் பக்கம் கால வச்சான்னா வெட்டிப் போட்ருவேன்னு சொல்லு" என்று மேலிருந்து வரும். அக்கா கீழே இறங்கி, "உங்க தம்பி முதுகு வலி எப்படி இருக்குன்னு கேட்டாரு" என்பார். "அவன் கேட்டானா? பொறம்போக்கு, அவனுக்கு என்ன வந்துச்சு?" என்று கீழிருந்து போவது, மேலே "தேவலாம்னு சொல்லச் சொன்னாரு" என்று சேரும். இருவரும் மற்றவன் திருந்திக்கொண்டிருக்கிறான் என்று நம்பி, தான் மட்டும் இறங்கி வராமல் இருக்கிறார்கள். அக்காவுக்கு இதில் பெருமைதான். "பதினோரு வருஷமா ஒரு அடிதடி இல்ல பாருங்க."

அவருடைய வாசகர்களில் அவருக்கு ரொம்பப் பிடித்தவர் ஒருவர் உண்டு. தளத்தில் அவர் பெயர் 'பொறுக்காதவன்62'. அறுபத்திரண்டு என்பது வயதாக இருக்கலாம், இரத்த அழுத்தமாக இருக்க முடியாது, அது இன்னும் கூடுதலாக இருக்கும். மழை வந்தால் வானத்தைத் திட்டுவார், வராவிட்டால் வானிலை அதிகாரியைத் திட்டுவார். பந்தயத்தில் தோற்றவனைத் திட்டிவிட்டு ஜெயித்தவனையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் தூங்கப் போவார் போலிருக்கிறது. அக்காவின் நோட்டுகளில் பாதி அவருடையது. "இன்னிக்கு இன்னும் ஆளக் காணோமே" என்று பதினொரு மணி வாக்கில் கவலைப்படுவார். வந்துவிட்டால் முகம் தெளியும்.

பாலம் விஷயம் அவரால்தான் வந்தது. சரி, என்னாலும்தான். திறந்து மூன்று மாதமே ஆன பாலத்தில் ஒரு லாரியின் பின்சக்கரம் குழியில் இறங்கி நின்றுவிட்டது. 'இந்தப் பாலம் எதைத் தாங்கும்?' என்று நான் தலைப்பு வைத்தேன். கேள்விக்குறியைக் கவனிக்கவும். பொறுக்காதவன் பொறுக்கவில்லை. எழுதினார்:

"இந்தப் பாலத்தக் கட்டுன மூதேவி மூஞ்சியில சிமெண்ட்டக் கரச்சு ஊத்தணும். அப்பவாச்சும் சிமெண்ட்டுன்னா என்னன்னு தெரியட்டும். பன்னாட."

அக்கா படித்தார், தலையை ஆட்டினார், நோட்டில் எழுதினார், எனக்கும் காட்டினார். நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். பிறகு அவர் மாற்று பொத்தானை அழுத்தி, கொஞ்சம் மாற்றினார்:

"இந்தப் பாலத்தைக் கட்டியவர் சிமென்ட்டை உரிய அளவில் பயன்படுத்தவில்லை என்று தெரிகிறது. அவர் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்."

பத்து நாள் கழித்து ஒப்பந்ததாரரின் நோட்டீஸ் வந்தது. என் தலைப்பைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. சிமென்ட்டைக் குறைத்ததாகப் பொய்க் குற்றம் சாட்டித் தன் பெயரைக் கெடுத்துவிட்டார்கள், அந்தக் கருத்தை உடனே நீக்க வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும், பொறுக்காதவன்62 என்கிற ஆசாமியின் உண்மைப் பெயரும் முகவரியும் வேண்டும், நஷ்டஈடு தனி. கருத்தை அன்றே தூக்கினோம். மறுநாள் எங்கள் வக்கீல் வந்தார்.

வக்கீல் குட்டையான, சுறுசுறுப்பான மனிதர். எங்களையெல்லாம் சுற்றி உட்கார வைத்து வகுப்பெடுத்தார்.

"வாசகர் எழுதினத எழுதினபடியே விட்டீங்கன்னா அது அவர் சரக்கு. புகார் வந்ததும் தூக்கிட்டா நமக்குப் பெரிய ஆபத்து இல்ல. புகார் வந்தும் வச்சிருந்தா நம்ம கழுத்துக்குக் கயிறு. ஆனா அவர் எழுதினதுல நாம கைய வச்சு மாத்தினோம்னு வையுங்க, அப்புறம் அது நம்ம புள்ள. பேரு வச்சு, சோறு போட்டு நாமதான் வளக்கணும்."

"கெட்ட வார்த்தையில திட்டியிருந்தா சார்?" என்று ஒருவர் கேட்டார்.

"திட்டினா திட்டினதுதான். அது ஆத்திரம். மூதேவின்னு சொன்னதுக்கு எந்த ஜட்ஜும் ஆதாரம் கேக்க மாட்டாரு. ஆனா சிமென்ட்டக் குறைச்சுட்டான்னு சொல்லிப் பாருங்க. எத்தன மூட்டை, யாரு எண்ணினா, எங்க ரிப்போர்ட்டுன்னு குடைவாங்க. திட்டுறவன் தப்பிச்சுப்பான், தகவல் சொல்றவன்தான் மாட்டுவான்."

அவர் உதாரணத்துக்குத்தான் மூதேவி என்றார். அந்த வார்த்தை நாலடி தள்ளி ஒரு இழுப்பறைக்குள் தேதியோடு கிடப்பது அவருக்குத் தெரியாது. அக்காவின் கை அந்த இழுப்பறையின் பிடியில் இருந்தது.

"யாராவது இதுல கை வச்சீங்களா?" என்று வக்கீல் கேட்டார்.

மென்பொருள் கடைசியாக இருந்த வாசகத்தை மட்டும்தான் சேமிக்கும், பழையது மறைந்துவிடும். ஆகவே தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் இழுப்பறையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மற்றவன் கூரையில் மின்விசிறி எத்தனை சுற்றுகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தான்.

"அப்ப சரி. ஆசாமியோட அட்ரஸக் குடுத்துருவோம். அவராச்சு, கான்ட்ராக்டராச்சு" என்றார் ஆசிரியர். எங்கள் ஆசிரியர் கெட்டவர் இல்லை. தளத்தின் அடியில் 'வாசகர் கருத்துகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று எறும்பு அளவில் ஒரு வரி ஓடும். அந்த ஒரு வரியை நம்பி வாழ்கிறவர். உங்கள் விவரங்களை எதிர்த்தரப்புக்குத் தர இருக்கிறோம் என்று பொறுக்காதவனுக்கு அன்றே மின்னஞ்சல் போயிற்று.

அன்று மாலை அக்கா என் மேசைக்கு வந்து நின்றார். "வேலை போயிடும்ல தம்பி?" என்றார். போய்விடும் என்று எனக்குத் தெரியும். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுக்கா, அதுவா அடங்கிடும்" என்றேன். நானும் ஒருமுறை வடிகட்டிப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் அலுவலகத் தொலைபேசி அடித்தது. பழக்க தோஷம், அக்காதான் எடுத்தார். காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தும் எதிர்முனை எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"ஏம்மா, யாரும்மா அங்க? எவன்மா என் பேர்ல மரியாதையா எழுதினது?"

அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "சொல்லுங்கய்யா."

"நான் முப்பது வருஷம் லேத் பட்டறையில கெடந்தவன். கவனத்தில் கொள்ள வேண்டும்னு ஒரு நாள் என் வாயில வந்ததில்ல. எழுதி அனுப்பினதோட சரி, நான் திரும்பிப் பாக்குறதில்ல. நீங்க அனுப்புன மெயில்ல இருந்தத எம் பொண்டாட்டி படிச்சுப் பாத்துட்டு, இது நீங்க எழுதினதே இல்லங்கிறா. அவளுக்குத் தெரியுது, கோர்ட்டுக்குத் தெரியுமா? எனக்கு மரியாதை தெரியாதுன்னு நான் எப்படிம்மா போய் நிரூபிக்கிறது?"

அறையில் இரண்டு பேர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஆனால் எதிர்முனையில் குரல் இறங்கிவிட்டது. அதற்கப்புறம் எங்களுக்குக் கேட்கவில்லை. அக்கா மட்டும் ம், ம் என்று கேட்டுக்கொண்டே, கையில் அகப்பட்ட தாளில் எழுதிக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் எழுதினார். "உங்க புகாரப் பதிவு பண்ணிட்டேன்யா" என்று சொல்லிவிட்டு வைத்தார். வாரியத்தில் பத்தொன்பது வருடம் சொன்ன வாக்கியம்.

தாளை என் பக்கம் நகர்த்தினார். கோணல்மாணலாக எழுதியிருந்தது: "அவ ரெண்டு நாளா சரியா சாப்பிடல. போலீசு ஸ்டேஷன் வாசல்கூட மிதிக்காத குடும்பம். இருக்கிறது ஒரு வீடு, அத எழுதிக் குடுன்னு கேட்டா என்னம்மா பண்றது. நான் வாய் பேசுறவன், அவ்வளவுதான். யாரையும் ஒண்ணும் பண்ணினதில்ல."

"நாலு வருஷமா பழகுறேன், இன்னிக்குத்தான் குரலக் கேக்குறேன்" என்றார் அக்கா. தாளைத் திரும்ப எடுத்து மடித்துக்கொண்டே, "வாயி மட்டும்தான் தம்பி அந்த மனுஷனுக்கு இருந்துச்சு. அதையும் நான் மாத்தி வச்சுட்டேன்" என்றார். எனக்கு அழுகை வரும் போலிருந்தது. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் பகல் இரண்டு மணிக்கு ஆசிரியரின் அறையில் கூடினோம். கருத்துகளுக்குப் பொறுப்பானவர் என்ற முறையில் அக்கா கையெழுத்துப் போட வேண்டிய வாக்குமூலத்தை வக்கீல் கொண்டுவந்திருந்தார். தலைப்பு எழுதியவன் என்ற முறையில் நானும் ஓரமாக நின்றேன். கீழே பல் மருத்துவர் யாருக்கோ இயந்திரம் வைத்துக் குடைந்துகொண்டிருந்தார். வக்கீல் முக்கியமான வரியை வாசித்தார்: "மேற்படி கருத்து வாசகரால் எழுதப்பட்டு, எவ்வித மாற்றமும் இன்றி வெளியிடப்பட்டது."

அக்கா தாளை வாங்கி உதடு அசையப் படித்தார். தலையை ஆட்டினார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க வக்கீல் சார். கொஞ்சம் மாத்திட்டா போதும்."

யாரும் தடுப்பதற்குள் பேனாவைத் திறந்துவிட்டார். 'வாசகரால்' என்பதை அடித்து 'என்னால்' என்று எழுதினார். 'எவ்வித மாற்றமும் இன்றி' என்பதை அடித்து 'முழுவதும் மாற்றப்பட்டு' என்று எழுதினார். கீழே கையெழுத்து, தேதி. பிறகு மடியில் வைத்திருந்த நோட்டைப் பிரித்து வக்கீல் முன்னால் வைத்து, அந்த வரியின் கீழ் விரலை வைத்தார்.

வக்கீல் வாய்விட்டுப் படித்தார். மூதேவி வரை நன்றாகத்தான் போனார். பன்னாடையில் சிரிப்பு முட்டிவிட்டது, இருமி மறைத்தார்.

"இது போதும். இத வச்சு அந்தப் பெரியவர ஒருத்தரும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். பிறகு சிரிப்பு நின்றது. "நம்மளத்தான் பண்ணுவாங்க."

"அவர் பேரு வராதுல்ல சார்?" என்றார் அக்கா.

"வராது. ஏம்மா, இந்த மாதிரி எத்தன மாத்தியிருக்கீங்க?"

"ஒரு நாளைக்குப் பத்துக்குக் குறையாது சார். வீட்டுல இன்னும் ஏழு நோட்டு இருக்கு."

வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். நாலு வருடமாக ஊர் உலகத்தைப் பற்றி எங்கள் வாசகர்கள் சொன்னதெல்லாம் எங்கள் பிள்ளைகள் என்று அவர் மனசுக்குள் பெருக்கிப் பார்ப்பது தெரிந்தது. "எனக்கும் தெரியும் சார், அன்னைக்கே காட்டினாங்க" என்று நான் சொன்னேன். சொன்னேன் என்பது சத்தியம். ஆனால் கீழே இயந்திரத்தின் சத்தம் அதிகமாக இருந்த நேரம் பார்த்துச் சொன்னேன். யார் காதிலும் விழவில்லை. அதை இரண்டாவது முறை சொல்லாததற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

ஆசிரியர் எழுந்து நின்றார். நாலு வருடமாக அக்காவைச் சத்தமாக ஒரு வார்த்தை சொல்லாதவர். சேர்த்து வைத்து ஒரே மூச்சில் கொட்டினார்.

"ஏங்க்கா, மூளைய கழட்டி வீட்டு ஆணியில மாட்டிட்டு வர்றீங்களா? சோறு போட்ட எடத்துலயே குழி தோண்டுவீங்களாக்கா? எவனோ முகம் தெரியாத வெட்டிப் பயலுக்காக ஒன்பது குடும்பத்த நடுத்தெருவுல நிறுத்திட்டீங்களே, கூறு கெட்ட தனமால்ல இருக்கு! நாளையிலிருந்து இந்தப் படிக்கட்டுல உங்க செருப்புச் சத்தம் கேக்கக் கூடாது. கேட்டுச்சு, நான் மனுஷனா இருக்க மாட்டேன்!"

அவ்வளவு கோபத்திலும் 'அக்கா'வை விட முடியவில்லை அவருக்கு. முகம் சிவந்து, மூச்சு வாங்க உட்கார்ந்தார். கீழே இயந்திரமும் நின்றது.

அக்கா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். மேசையின் மேல் கையை நீட்டி, வக்கீல் முன்னாலிருந்த நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். புதுப் பக்கம் புரட்டி, ஓரத்தில் தேதி போட்டு, எழுத ஆரம்பித்தார். ஆணியில் மாட்டியது வந்தது, குழி தோண்டியது வந்தது. நடுத்தெருவுக்கு வந்ததும் பேனா நின்றது.

"அதுக்கப்புறம் ஒண்ணு சொன்னீங்களே சார், அது சரியாக் காதுல விழல" என்றார், பேனா முனையைத் தாளிலிருந்து எடுக்காமல். "கொஞ்சம் மெதுவா சொல்லுங்க."